ஹெட்லைட் மங்குகிறது: பல்பை மாற்றினால் போதுமா?

நண்பர்களே, வணக்கம். என் காருக்கு 12 வயது. சென்ற வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு இருட்டில் ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாலையோரக் கல்கூடக் கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. பின்னிருக்கையில் அம்மா பேசவே இல்லை.

மறுநாள் ஹாலஜன் பல்பைக் கழற்றினால், கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல் கருத்திருந்தது. டங்ஸ்டன் இழை ஆவியாகிப் படிந்த கறை அது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் நான் கவனிக்கவில்லை.

கடைக்காரர் 100/90 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பு போடச் சொல்கிறார். என் காரில் இருக்கும் 60/55 வாட்டுக்கான வயரும் சுவிட்சும் சூட்டில் உருகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு முனையிலோ 11.9 மட்டுமே; மீதி வழியிலேயே வயரிலும் சுவிட்சிலும் வீணாகிறது. அதே வாட்டில் புதிய பல்புகள் போட்டு, ரிலே (சுவிட்சின் சிறு மின்னோட்டத்தால் இயங்கி, பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் கருவி) வைத்து பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள், எவ்வளவு கனமான வயர் போட்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதம் அம்மாவை மீண்டும் மலைக்கு அழைத்துப்போக வேண்டும்.