குஞ்சு எங்கே போயிருக்கும்? வராமல் போன காட்ஸில்லா இரண்டாம் பாகம்

காட்ஸில்லா செத்த இடத்தில் எங்கள் விறாந்தையில் ஒருவரும் கைதட்டவில்லை. அணுகுண்டால் உருவான ராட்சத மிருகம் ஒன்று கடலிலிருந்து நியூயோர்க்குக்கு வந்து முட்டையிடும், 1998இல் வந்த அந்த அமெரிக்கப் படத்தைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு அதன் கசெட் வந்து சேரக் கொஞ்சக் காலம் எடுத்தது. நல்லூரில் சித்தப்பா வீட்டில் ஜெனரேட்டர் போட்டு டெக்கில் ஓடவிட்டார்கள், ஒழுங்கைப் பெடியள் எல்லாரும் வந்திருந்தோம். புரூக்ளின் பாலத்தின் கம்பிவடங்களுக்குள் அது சிக்கிக்கொள்கிறது. போர் விமானங்கள் திரும்பி வந்து ஏவுகணை அடிக்கின்றன. விழுந்த பிறகு இதயத் துடிப்பு மெல்லக் குறைந்து நிற்கிறது. பொம்பர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். வானத்திலிருந்து அடிப்பவனின் பக்கம் நின்று எங்களால் படம் பார்க்க முடியவில்லை. "குஞ்சுகளைச் சாக்காட்டினால் தாய் துரத்தாமல் என்ன செய்யும்?" என்றார் அப்பம்மா.

அந்த உருவம் பழைய காட்ஸில்லா போல இல்லை என்றுதான் பலருக்கும் கோபம். எனக்கு அதில் பெரிய குறை இல்லை, ஓடும்போது அழகாகவே இருந்தது. என் ஏமாற்றம் வேறு. 1954 மார்ச்சில் பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா 15 மெகாதொன் அணுகுண்டை வெடித்தது. அதே வருடம் நவம்பரில் ஜப்பானில் முதல் காட்ஸில்லா வந்தது. அந்தக் காயத்தில் பிறந்த மிருகம் அது. அமெரிக்கப் படமோ பசிபிக்கில் பிரான்சின் கையில் உள்ள பிரெஞ்சுப் பொலினீசியாவில் குண்டு வெடிப்பதைத் தொடக்கத்தில் காட்டிவிட்டு அப்படியே நியூயோர்க்குக்குப் போய்விடுகிறது. அங்கேயுள்ள முருரோவா, பங்கடௌபா பவளத்தீவுகளில் 1966 முதல் 1996 வரை பிரான்ஸ் 193 அணுச்சோதனைகள் செய்தது. கடைசிச் சோதனை 1996 ஜனவரியில், படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்னர்தான். அந்தக் கடலில் வாழும் சனத்தில் ஒருவருக்குக்கூடக் கதையில் இடம் இல்லை.

மூன்று படங்களாக எடுப்பதுதான் திட்டம். ஒன்றோடு நின்றது. கடைசிக் காட்சியில் முட்டை உடைந்து வந்த அந்த ஒரு குஞ்சின் கதை கார்ட்டூன் தொடராக 2000 வரை போனது. அப்புறம் 2004இல் ஒரு ஜப்பானியப் படத்தில் அந்த அமெரிக்க உருவத்தைச் சிட்னியில் வைத்துச் சில நொடிகளில் கொன்று முடித்தார்கள். அது எனக்கு உண்மையாகவே வலித்தது.

என் மனதில் ஓடும் இரண்டாம் பாகத்தில் குஞ்சு கடலில் இறங்கித் தாய் உருவான இடத்தைத் தேடிப் போகிறது. முருரோவாவுக்கு வருகிறது. பக்கத்துத் தீவுக்காரர்கள் அதைக் கண்டும் ஓடவில்லை. சோதனைத் தளத்தில் கூலிக்கு வேலை செய்து நோயாளியான ஒருவரின் மனைவி அதற்கு மீன் வைக்கிறாள். வெளியே தெரிந்தால் விமானம் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஊரே சேர்ந்து மறைக்கிறது. முதல் படத்தில் ஜோன் ரெனோ நடித்த பிரெஞ்சு உளவாளி, தன் நாடு செய்த பிழையைத் துடைக்கத்தான் நியூயோர்க்குக்கு வந்தான். இந்தப் படத்தில் அவன் இந்தத் தீவுக்கு வரவேண்டும், அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று பதில் சொல்லவேண்டும். ஒரு கட்டிடமும் இடிய வேண்டியதில்லை. அணுச்சோதனையால் நோயாளியானவர்களுக்குப் பிரான்ஸ் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது 2010இல். அதற்கு முன்னமே ஒரு பெரிய படம் இதைப் பேசியிருக்கலாம்.

*

அண்ணை, நான் குருநகர். நீங்கள் சொன்ன பாலத்துக் காட்சியை விட எனக்கு அந்த மீன்குவியல்தான் மறக்காது. மிருகத்தை வரவழைக்க நியூயோர்க் நடுத் தெருவில் லொறி லொறியாக மீன் கொட்டுவார்களே. அப்பா கடற்றொழில்காரர். கடலுக்குப் போகத் தடையும் நேரக் கட்டுப்பாடும் இருந்த காலம் அது. அவ்வளவு மீனையும் பார்த்துவிட்டு அவர் எழும்பி வெளியே போய்விட்டார்.

எனக்கு இரண்டாம் பாகம் படகுக்காரர்களில் தொடங்கவேண்டும். பிகினிக் குண்டின் சாம்பல் விழுந்தது ஜப்பானிய சூரை மீன் படகு ஒன்றில், 23 பேர் இருந்தார்கள். படகில் வானொலித் தொடர்பைப் பார்த்த குபோயாமா அந்த வருடம் செப்டெம்பரில் இறந்துபோனார். என் கதையில் குஞ்சு ஒரு சின்னப் படகின் வலையில் மாட்டுகிறது. வலையை அறுத்தால்தான் அது தப்பும். வலை என்றால் என்ன விலை என்று கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அறுக்கிறார்கள்.

*

தங்கச்சி, அந்தக் காட்சியை என் கதைக்கு முன்னால் வைத்துக்கொள்வோம். ஆனால் எல்லாரும் உடனே சம்மதித்து அறுக்கக்கூடாது. கடன்பட்டு வலை வாங்கிய ஒருவன் படகில் இருக்கட்டும். அவன் கத்தியைக் கொடுக்க மறுக்கட்டும், அவன் பக்க நியாயத்தை முழுதாகச் சொல்லட்டும். நீங்கள் எழுதுங்கோ, அவன் பேச்சு எனக்கு வராது. அப்பாவிடம் கேட்டால் இன்னும் நல்லது.