பழைய ஜெர்மன் காரை தினமும் ஓட்ட வாங்கலாமா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

வேளச்சேரிவாசி

ஆபீஸ் போக வர ஒரு பழைய ஜெர்மன் செடான் தேடிட்டு இருக்கேன். புது ஹேட்ச்பேக் வாங்குற காசுக்கு 2012 மாடல் டீசல் ஆட்டோமேட்டிக் கிடைக்குதுன்னா யாருக்குத்தான் ஆசை வராது. அண்ணா நகர்ல ஒண்ணு பாத்தேன். பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு, ஏசி சில்லுன்னு வந்துச்சு, ஓட்டத்துலயும் குறை இல்ல. இறங்குறதுக்கு முன்னாடி டிரைவர் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்தேன். மேல் பாதி சுத்தமான கருப்பு. சுருளுக்குள்ளயே இருந்த கடைசி ஒரு முழம் மட்டும் வெளிறிப் போயி, குறுக்கே கோடு போட்ட மாதிரி பழுப்புக் கறை. தேய்ச்சா விரல்ல நைஸ் மண்ணு ஒட்டுது.

"அது தூசிங்க"ன்னார் விக்கிறவர். வராண்டாவுல பேப்பர் படிச்சுட்டு இருந்த அவரோட அப்பா தலையைத் தூக்காமலே, "2015 டிசம்பர்ல சீட்டு வரைக்கும் தண்ணி நின்னுச்சு தம்பி. மறைச்சு விக்க வேணாம்டா"ன்னுட்டார். மகன் அவரைத் திரும்பிப் பாத்த பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது. ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். பிறகு அந்த வண்டி வித்துப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். வாங்க வந்தவர்கிட்ட பெரியவர் பேசினாரா, பேச விட்டாங்களான்னு தெரியல.

தினமும் ஓட்டுறவங்க உங்க கதையைச் சொல்லுங்க.

பொள்ளாச்சிக்காரன்

எங்க பெரியப்பா வச்சிருந்தது மெர்சிடிஸ் டபிள்யூ123, 240டி. காட்சிக்கு வச்சிருந்த வண்டி இல்லைங்க, பொள்ளாச்சியிலருந்து கோயமுத்தூர் மில்லுக்கு தினமும் போய் வந்தது. ஒரு நாள் கிணத்துக்கடவுல டீ குடிக்க நிறுத்தி சாவியை உருவிட்டாரு. சாவி கையில இருக்குது, இன்ஜின் பாட்டுக்கு ஓடிட்டே இருக்குது! நான் அப்போ காலேஜ் பையன், வெலவெலத்துப் போயிட்டேன். அந்த டீசலை நிறுத்துறதே ட்யூப் வழியா உறிஞ்சுற வேக்குவம் தானுங்க. சின்ன ரப்பர் ட்யூப் ஒண்ணு வெடிச்சா சாவி பேச்சைக் கேக்காது.

எதிர்த்தாப்புல ட்ராக்ஸ் ஜீப்புக்கு வேலை பாத்துட்டிருந்த மேஸ்திரி கையைத் துடைச்சுட்டே வந்தாரு. பானெட்டைத் தூக்கி, பம்ப்புகிட்ட இருந்த லீவரை ஒரு அமுக்கு, நின்னு போச்சு. "நம்ம ட்ராக்ஸ் இன்ஜினுதானுங்களே இது"ன்னு சொல்லிட்டு ஒரு சாண் ட்யூப் வெட்டிப் போட்டு அனுப்பி வச்சாரு. சும்மா சொன்னதில்லைங்க. 240டி-ல இருந்த அந்த ஓஎம்616 இன்ஜினைத்தான் பஜாஜ் டெம்போ லைசென்ஸ் வாங்கி ட்ராக்ஸ்ல போட்டாங்க. பென்ஸ் ஷோரூமே பாக்காத ஊர்லயும் அதுல கை வைக்க ஆள் இருந்தாங்க. நீங்க மாடலைப் பாக்குறதுக்கு முந்தி மேஸ்திரியைப் பாருங்க.

ஓஎம்ஆர்_ராத்திரி

பொள்ளாச்சி அண்ணா, கேக்க நல்லாருக்கு, ஆனா அவர் கேக்குறது 2012 வண்டி. அதுல எந்த லீவரும் கிடையாது. ட்ராக்ஸ் மேஸ்திரி பானெட்டைத் தூக்கினா பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். இருபது கன்ட்ரோல் யூனிட், அதாவது குட்டி கம்ப்யூட்டர், ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வண்டிக்கு ஸ்கேனரும் அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் வேணும். பழைய பென்ஸ் கதையைச் சொல்லி இவரை இதுல இறக்கி விடாதீங்க.

என் கதை கியர்பாக்ஸ். ஸெட்.எஃப் கம்பெனி செஞ்ச ஆறு கியர் ஆட்டோமேட்டிக், லட்சம் கிலோமீட்டர் தாண்டி வாங்கினது. சோழிங்கநல்லூர் சிக்னல்ல ரெண்டுலருந்து மூணுக்குப் போறப்ப பின்னாடி யாரோ இடிச்ச மாதிரி ஒரு உதை. ஒரு பெரிய ஷோரூம்ல காட்டினேன். "அது லைஃப்டைம் ஆயில், தொடவே கூடாது, முழு யூனிட்டை மாத்தணும்"னு சொல்லி வண்டி விலையில பாதிக்கு எஸ்டிமேட் நீட்டினாங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல கியர்பாக்ஸ் மட்டும் பாக்குற ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் அடிப்பாத்திரத்தைக் கழட்டினார். அதுலயே ஃபில்டரும் சேந்திருக்கும், பிளாஸ்டிக். வழிஞ்ச ஆயில் முதல் டிகாஷன் மாதிரி கெட்டிக் கருப்பு. உள்ள இருந்த காந்தத் துண்டுங்க மேல கருஞ்சாம்பல் பசை அப்பிக் கிடந்துச்சு. பனியன் வேஸ்ட்டால துடைச்சுட்டு, ரெண்டு விரலுக்கு நடுவுல அந்தப் பசையை நசுக்கிப் பாத்தார். "துண்டு துணுக்கு இல்ல, பொடிதான். பொழைச்சுக்கும்"னார். புது அடிப்பாத்திரம், புது ஆயில், ஆயில் சூட்டைப் பாத்து லெவல் வச்சார். உதை போயே போச்சு, இன்னைக்கு வரைக்கும் அதே கியர்பாக்ஸ்தான்.

கியர்பாக்ஸ் செஞ்ச ஸெட்.எஃப் கம்பெனியே 80,000-லருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா எட்டு வருஷத்துல ஆயில் மாத்தச் சொல்லுது. அதை விட்டுட்டு லைஃப்டைம்னு சொன்னா, யாரோட லைஃப்? முதல் ஓனர் வாரன்டி முடியுற வரைக்குமா? வேளச்சேரி, கியர் ஆயில் மாத்தின பில்லைக் கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னுதான் அர்த்தம்.

மல்லிகை_மதுரை

ஷோரூம்காரங்க எல்லாரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க ஓஎம்ஆர் சார். என் வண்டியைக் காப்பாத்தினது டேஷ்போர்டு பெட்டிக்குள்ள கிடந்த கம்பெனி புத்தகம்தான்.

நான் விருதுநகர்ல டீச்சர், தினமும் மதுரையிலிருந்து போய் வர்றேன். பத்து வருஷப் பழைய ஜெர்மன் ஹேட்ச்பேக். திருமங்கலம் தாண்டினதும் சிவப்பு விளக்கு, தெர்மாமீட்டர் படம், விட்டு விட்டு பீப் பீப். சித்திரை மாச வெயில். ஓரம் கட்டி உடனே ஆஃப் பண்ணிட்டேன். மெக்கானிக் வேலை தெரிஞ்ச சித்தி பையன் போன்ல, "பாட்டில் தண்ணிய ஊத்திட்டு மெதுவா வந்துருக்கா, ஒண்ணும் ஆகாது"ங்கிறான். புத்தகத்துல இந்த விளக்கு எரிஞ்சா இன்ஜினை ஆன் பண்ணவே கூடாதுன்னு போட்டிருக்கு. முடியாதுன்னுட்டேன். "ரெக்கவரி வண்டிக்குக் காசு தண்டம்"னு கத்துனான். ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு ஒரு புளியமரத்தடியில நின்னேன். லாரியில ஏத்திக் கொண்டு வந்து பாத்தா, இன்ஜின்லருந்து கூலன்ட், அதான் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணி, வெளிய வர்ற இடத்துல ஒரு பிளாஸ்டிக் மூக்கு. மெக்கானிக் அதை என் கையில கொடுத்தார். விரலால அமுக்கினா பொடிப்பொடியா உதிருது. வருஷக்கணக்கா சூடாகி ஆறி, சூடாகி ஆறி அப்படி ஆயிருக்கு. ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது. அவன் சொன்னபடி ஓட்டியிருந்தா இன்ஜினோட அலுமினிய ஹெட் வளைஞ்சு, செலவு லட்சத்தைத் தொட்டிருக்கும்.

அவன் இன்னைக்கும் நான் பயந்தாங்கொள்ளின்னுதான் வீட்டுல சொல்லிட்டுத் திரியுறான். அதுதான் எனக்கு ஆத்தாமை.

வடபழனி_ஆர்சி

யாரும் பேப்பரைப் பத்திப் பேசலையே. 2012 டீசல் இவ்வளவு மலிவுன்னா பாதி டெல்லி வண்டியா இருக்கும். பத்து வருஷம் தாண்டின டீசல் டெல்லி வட்டாரத்துல ஓடக் கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. அப்புறம்தான் அங்கருந்து லாரி லாரியா இறங்குச்சு.

என் மச்சானுக்கு அப்படி வடக்கிருந்து ஒண்ணு எடுத்தோம். இங்க இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சார். நம்பர் மேல எழும்புது, எழும்புது, ஒரு இடத்துல கை நின்னுபோச்சு. வண்டியில "பி", அந்த ஊர் ஆர்டிஓ கொடுத்த ஆட்சேபணை இல்லைங்கிற என்ஓசியில "8". அந்த ஒரு எழுத்துக்காக வண்டி மாசக்கணக்குல மூடி போட்டு நின்னுச்சு. மச்சான் அதுக்கு இஎம்ஐ கட்டிக்கிட்டே பஸ்ல போனான்.

அதனால வெளிமாநில வண்டின்னா: ஃபார்ம் 28 என்ஓசி ஒரிஜினல் கையில வராம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. "அனுப்பிடுவாங்க"ங்கிற பேச்சே வேணாம். ஆர்சியில கடன் ஏதாவது ஏறியிருந்தா ஃபார்ம் 35, பேங்க் கையெழுத்தோட. ஓனர் மாத்த 29, 30. இங்க புது நம்பர் வாங்க 27. பன்னிரண்டு மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா நம்பர் மாத்தியே ஆகணும், சட்டம். லைஃப் டாக்ஸ் இங்க தனியா கட்டணும், அங்க கட்டினதுல மீதியைத் திருப்பிக் கேக்கலாம், ஆனா கேட்டு வாங்குறது தனி அலைச்சல். இங்க கட்டுற டாக்ஸையும் வண்டி விலையோட சேத்துக் கணக்குப் போடுங்க, அப்புறம் மலிவான்னு பாருங்க. எம்பரிவாகன்ல நம்பரைத் தட்டி இன்சூரன்ஸ் இருக்கா, ஃபிட்னஸ் எது வரைக்கும்னு பாருங்க. 15 வருஷம் நெருங்கின வண்டின்னா எஃப்சி (ஃபிட்னஸ் சோதனை) காட்டி ஆர்சி புதுப்பிக்கணும், அது அஞ்சு வருஷத்துக்குத்தான். பெட்ரோல் வண்டி பாக்குறவங்களுக்கு இன்னொண்ணு: இப்ப பங்க்ல வர்றது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டியில பெரும்பாலும் ரப்பரும் சீலும் அதுக்குன்னு செஞ்சது கிடையாது. பெட்ரோல் ஹோஸை எல்லாம் தொட்டுப் பாத்து வாங்குங்க.

பொள்ளாச்சிக்காரன்

ஓஎம்ஆர் தம்பி, நான் 240டி வாங்கச் சொல்லவே இல்லைங்க. கடைசி வரியைப் படிங்க. உங்க அம்பத்தூர்காரரும் ஒரு மேஸ்திரிதானே? அவரைக் கண்டுபிடிக்கலைன்னா நீங்களும் வண்டியைப் பாதி விலைக்குத் தள்ளியிருப்பீங்க. நான் சொன்னதும் அதுதானுங்க.

சேலம்_ஆக்டிங்

நான் ஆக்டிங் டிரைவர். சொந்தமா ஜெர்மன் வண்டி இல்ல, ஆனா நெறைய ஓட்டியிருக்கேன். ஒரு டாக்டர் செகண்ட் ஹேண்ட்ல எடுத்த வண்டி. மக கவுன்சிலிங்குக்கு காலையில சென்னையில இருக்கணும்னு ராத்திரி சேலத்துலருந்து கிளம்பினோம். சின்னசேலம் தாண்டி ஒரு பள்ளம், முன் டயர் சைடுல கிழிஞ்சு போச்சு. டிக்கியைத் தொறந்து கார்பெட்டைத் தூக்கினேன். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில பேட்டரி உக்காந்திருக்கு. அந்த மாடல்ல ஸ்டெப்னியே கிடையாது. கம்பெனி டயர் ரன்-ஃபிளாட், காத்து போனாலும் கொஞ்ச தூரம் மெதுவா ஓடும். முன்னாடி வச்சிருந்தவர் காசு மிச்சம் பண்ண சாதா டயர் போட்டு வித்திருக்கார். வாங்கினப்ப யாரும் குனிஞ்சு பாக்கல.

அந்தப் பாப்பா அழவே இல்ல. ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ரோட்டோரம் நின்னு, வர்ற பஸ்ஸுக்கெல்லாம் கையைக் காட்டுச்சு. ஒரு பஸ் நின்னுச்சு, அப்பாவும் மகளும் ஏறிப் போனாங்க. அந்த 17 இன்ச் சைஸு கள்ளக்குறிச்சியில தேடியும் கிடைக்கல, மறுநாள் சேலத்துலருந்து பஸ் பார்சல்ல வந்துச்சு. கவுன்சிலிங்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டாங்க, சீட்டும் கிடைச்சுது.

வேளச்சேரி சார், அடுத்த வண்டி பாக்கப் போறப்ப நாலு டயர் சைடுலயும் என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ரன்-ஃபிளாட் இல்லாம ஸ்டெப்னியும் இல்லைன்னா, ஒரு ஸ்பேஸ் சேவர் வீலும் (ஒல்லியான ஸ்டெப்னி) ஜாக்கியும் சேத்துக் கொடுத்தாத்தான் எடுப்பேன்னு சொல்லுங்க. பழைய பார்ட்ஸ் வேணும்னா புதுப்பேட்டையில தேடலாம், ஆனா போல்ட் ஓட்டை அளவு பாத்து வாங்குங்க, எல்லா ஜெர்மன் வீலும் ஒண்ணு கிடையாது.