வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?

தலவாக்கலையிலிருந்து:

முதியோருக்கு எதிரான குற்றங்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்காக, சில ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயம் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) லயமாகச் சென்று வினாக்கொத்து நிரப்பியவன் நான். "கடந்த பன்னிரண்டு மாதங்களில் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானீர்களா?" என்பது அதில் ஒரு கேள்வி. பெரும்பாலானோருக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை; விளங்கியவர்களோ "அப்படியெல்லாம் ஒன்னுமில்ல தம்பி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற எழுந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள், எழுபதைக் கடந்த ஒரு பாட்டியிடம் தாளை மடித்து வைத்துவிட்டு, "பேங்க் புத்தகம் யாருகிட்ட இருக்கு பாட்டி?" என்று சும்மா கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். கொழுந்து பறித்த காலமெல்லாம் தம் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியும் தோட்டத்தின் பங்காக இன்னொரு பகுதியுமாகச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியை அவர் ஒரே தொகையாகக் கையில் வாங்கிய அதே வாரத்தில், முச்சக்கர வண்டிக்கென்று இளைய மகன் அதை எடுத்துக்கொண்டிருக்கிறான். மாதாந்த முதியோர் கொடுப்பனவும் அவன் கைக்கே போகிறது. வெற்றிலைக்கு மட்டும் பாட்டிக்குக் காசு வரும். "களவு இல்ல தம்பி, மகன்தானே" என்றார். படிவத்தில் அவருக்கு "இல்லை" என்று ஏற்கெனவே குறித்திருந்தேன். (அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.)

நம்பிக்கைக்குரிய உறவுக்குள் நேரும் தீங்கு என்றே உலக சுகாதார நிறுவனம் முதியோர் துஷ்பிரயோகத்தை வரையறுக்கிறது. 28 நாடுகளின் 52 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் அத்தகைய தீங்குக்கு உள்ளாவதாகக் கணித்தது. என் படிவங்களில் அப்படி எதுவும் பதிவாகாமல் போனதற்கு நாங்கள் கேட்ட விதமே காரணம்.

பதுளையிலிருந்து:

முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால் இதைச் சேர்க்கிறேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து கொடுப்பனவு கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரைத் தம் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டுமே.

ஓர் அம்மாவின் தோட்டைப் பேரன் கழற்றி அடகு வைத்துவிட்டான். அவரோடு நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமலே கைநாட்டுக் கேட்டார்கள். வாங்கி வாசித்தேன், தோடு "தொலைந்துவிட்டது" என்றிருந்தது. வாதாடித் திருத்த வைத்தேன். அன்று மாலையே அம்மா என் வீட்டுக்கு வந்து, "தொலஞ்சதுன்னே இருக்கட்டும் மிஸ்" என்றார்.

ஹட்டனிலிருந்து:

எங்கள் தோட்டத்தில் கொடுப்பனவு எடுக்கும் நாளில் வயதானவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, வான் கூலியைப் பங்கிட்டுக்கொண்டு, தாங்களே டவுனுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். புத்தகம் இப்போது அவரவர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மகன்மார் சிலருக்கு இது பிடிக்கவில்லை.