வெம்ப்ளியில் நியூகாசல் 2, லிவர்பூல் 1: நம் மேனேஜர் ஸ்லாட்டைத் திட்டலாமா, கூடாதா?

செங்காங்_செவப்பு | திங்கள், 17 மார்ச் 2025, அதிகாலை 2.51

தூக்கமும் போச்சு, கோப்பையும் போச்சு. நள்ளிரவு 12.30க்கு ஆட்டம் என்று தெரிந்தும் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கோப்பிக்கடையில் பெரிய கூட்டம். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான் பாதிப் பேர். அவர்களுக்குக் கிடைத்தது என்ன?

கராபாவ் கோப்பை (இங்கிலாந்து லீக் கோப்பை) ஃபைனலில் 2-1 என்று ஸ்கோர் சொல்கிறது. பார்த்தவர்களுக்குத் தெரியும், நாம் ஆடவே இல்லை. செவ்வாய்க்கிழமை சாம்பியன்ஸ் லீக்கில் பாரிஸ் அணியோடு 120 நிமிடம் ஓடி, பெனால்டியில் வெளியேறி வந்த அதே கால்களை ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறக்கினார் ஸ்லாட். லீக்கில் 12 புள்ளி முன்னால் இருக்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். 2-0 ஆனதும் கடையில் நிறைய பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பீஷான்_பாய் | அதிகாலை 3.10

நீங்கள் சொல்ல மாட்டீர்கள், நான் சொல்கிறேன். கியேசா கோல் அடித்தது 94ஆவது நிமிடம். லைன்ஸ்மன் ஆஃப்சைட் கொடியைத் தூக்கி, அப்புறம் வீடியோ நடுவர் (விஏஆர்) அதைக் கோல் என்று அறிவித்தபோது கடையில் நானும் மேசை துடைக்கிற அங்கிளும் இன்னும் சில பேரும்தான். அங்கிள் மான்செஸ்டர் யுனைடெட் ஆள் வேறு. இன்னொன்று விழுந்திருந்தால் கூடுதல் நேரம். அப்போது திரும்பி வந்து நாற்காலி கேட்டிருப்பீர்கள்.

கால் களைப்புக் கதைக்கு வருவோம். பிப்ரவரியில் பிளிமத்தோடு எஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் இதே ஸ்லாட் கிட்டத்தட்ட மொத்த அணிக்கும் ஓய்வு கொடுத்தார். இரண்டாம் டிவிஷனில் கடைசி இடத்தில் கிடந்த அணியிடம் 1-0 என்று தோற்றோம். அன்று இங்கே "கோப்பையை மதிக்கத் தெரியாத ஆள்" என்று எழுதியது யார் தம்பி? ஓய்வு கொடுத்தாலும் திட்டு, கொடுக்காவிட்டாலும் திட்டு. மாமியார் வீட்டு மருமகள் மாதிரி ஆகிவிட்டது அவர் நிலைமை.

செங்காங்_செவப்பு | அதிகாலை 3.18

நான்தான் எழுதினேன், இன்னும் அதையே சொல்கிறேன். மொத்த அணியையும் மாற்றச் சொல்லவில்லை பாய். நடுக்களத்தில் இரண்டு பேரை மாற்றினால் போதும். போன வருடம் இதே ஃபைனலில் பழைய மேனேஜர் கிளாப் சின்னப் பையன்களை இறக்கி செல்சியை ஜெயித்தாரே, 118ஆவது நிமிடத்தில் வான் டைக் தலையால் முட்டி. ஆட்களை நம்பினால் ஆடுவார்கள்.

யீஷூன்_மாலா | காலை 7.42

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு இதையெல்லாம் படிக்கிறேன். இரண்டு பேருக்கும் தூக்கம் வராதா?

கிளாப் பையன்களை ஆசைப்பட்டு இறக்கவில்லை. சாலா, அலிசன், ட்ரென்ட், ஜோட்டா எல்லாரும் அன்று காயம். வேறு ஆள் இல்லாமல் செய்ததைத் திட்டம் போட்டுச் செய்ததாகக் கதை கட்டாதீர்கள்.

நேற்றைய தோல்விக்குக் களைப்பு பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் கருத்து. முதல் கோலை மறுபடி போட்டுப் பாருங்கள். 45ஆவது நிமிடம், நியூகாசலின் டிரிப்பியர் கார்னர் எடுக்கிறார். நம் உயரமான ஆட்கள் கோலுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள், பந்து அங்கே வரும் என்று. அவர்களுடைய டிஃபெண்டர் டான் பர்ன் அந்தக் கும்பலுக்குள் வரவே இல்லை. வெளியே, பெனால்டி புள்ளிப் பக்கம் தனியாக நிற்கிறார். அவரை மறிக்க நிற்பது நம் மெக் அலிஸ்டர். பர்ன் ஆறடி ஏழு அங்குலம், இவர் ஐந்தடி ஒன்பது. பந்து நேராக பர்ன் தலைக்கு வருகிறது, அவ்வளவு தூரத்திலிருந்து முட்டி மூலைக்குள் அனுப்புகிறார். நம் கோல்கீப்பர் கெல்லெஹர் பாய்ந்தும் எட்டவில்லை.

ஓடிவருபவரைச் சும்மா தடுத்து வேகத்தைக் குறைப்பதுதான் மெக் அலிஸ்டர் வேலை, மிச்சத்தை வலயத்தில், அதாவது ஆளைத் தொடராமல் கோல் முன்னால் அவரவர் இடத்தைக் காத்து, நிற்கிற ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள் என்ற ரீதியில் ஸ்லாட் விளக்கம் சொல்லியிருக்கிறார். எப்போதும் சரியாக வந்த முறைதான். ஆனால் நியூகாசல் மேனேஜர் எட்டி ஹௌ அதை உட்கார்ந்து படித்து, வலயத்துக்கு வெளியே ஆளை நிறுத்திவிட்டார். இதில் கால் களைப்பு எங்கே வந்தது? வீட்டுப்பாடம் செய்தவர் பாஸ், செய்யாதவர் ஃபெயில்.

ஜூரோங்_ராஜா | காலை 8.05

யாரும் பெரிய தலைகளைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறீர்கள். சாலா எங்கே போனார்? ஒரு ஷாட்கூட இல்லை. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, கையெழுத்து போடவில்லை. மனசு இங்கே இல்லாத ஆளுக்கு எதற்குக் கோஷம்? ட்ரென்ட் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவர் கண் ரியல் மட்ரிட் கிளப் மேல். சாலாவுக்கு நோன்பு வேறு.

பீஷான்_பாய் | காலை 8.20

ராஜா, நோன்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள். 2019இல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ரமலானில்தான் நடந்தது. ஸ்பர்ஸுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்தில் பெனால்டியை அடித்தது யார்? இந்த வருடம் லீக்கில் மட்டும் இதுவரை 27 கோல் போட்டிருக்கிறார். அந்த 12 புள்ளி முன்னிலை வானத்திலிருந்து விழுந்ததா?

நேற்று ஆடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நியூகாசல் டிஃபெண்டர் லிவ்ரமென்டோ வலதுகால்காரர், இடது பக்கம் நின்றார். சாலா உள்ளே வெட்டி வரும் ஒவ்வொரு தடவையும் அவருடைய நல்ல கால் அங்கே காத்திருந்தது. லூயிஸ் ஹால் காயம்பட்டதால் கிடைத்த இடம், அது அவர்களுக்கு லாபமாக முடிந்தது. இப்படிப் பேசினால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். "மனசு இல்லை" என்பது ஆட்டமா, ஜோசியமா?

நான் சஹர் (நோன்புக்கு முந்தைய விடிகாலைச் சாப்பாடு) சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம்தான் தூங்கினேன். அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் மன்னிக்கவும்.

டைன்_கரை | காலை 9.15

நண்பர்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் நியூகாசல் ஆள். ஆமாம், சிங்கப்பூரில் தமிழ் பேசும் நியூகாசல் ரசிகர், எங்களுக்குள் ஒரு மேசை போதும்.

நீங்கள் ஆறு பதிவு எழுதிவிட்டீர்கள், எல்லாம் லிவர்பூல் என்ன தப்பு செய்தது என்று. எதிரே ஒரு அணி ஆடியதே, அதைப் பற்றி மாலா மட்டும்தான் எழுதியிருக்கிறார். 1955க்கு அப்புறம் எங்களுக்குப் பெரிய உள்நாட்டுக் கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. 1974 எஃப்ஏ கோப்பை ஃபைனலில் உங்களிடம்தான் 3-0 என்று வாங்கினோம். 1976, 1998, 1999, 2023, எல்லாம் ஃபைனல் வரை போய்த் தோற்றது. ஷியரர் எங்களுக்காக 206 கோல் போட்டும் ஒரு கோப்பையைத் தொடவில்லை.

பர்ன் அந்த ஊர்ப் பக்கத்துப் பையன். 11 வயதில் எங்கள் கிளப்பே வேண்டாம் என்று அனுப்பிய ஆள். இரண்டு நாள் முன்னால்தான் இங்கிலாந்து அணிக்கு முதல் தடவை கூப்பிட்டார்கள். அவர் தலையால் வந்த கோலை "மெக் அலிஸ்டர் குட்டை" என்று முடித்துவிட்டால் எப்படி? இடைவேளைக்கு அப்புறம் மர்ஃபி தலையால் இறக்கிவிட, இசாக் அடித்த இரண்டாவதுக்கு யார் உயரத்தைச் சொல்வீர்கள்? ஜொலின்டன் நடுக்களத்தில் ஒருவரையும் மூச்சுவிட விடவில்லை. கோர்டன் சஸ்பென்ஷனில் வெளியே உட்கார்ந்திருந்தும் இது நடந்தது.

ஜூரோங்_ராஜா | காலை 9.31

அண்ணே, வாழ்த்து. ஆனால் உங்கள் கிளப்பை வாங்கிய சவுதிப் பணத்தை மறந்துவிட்டு 70 வருடக் கண்ணீர்க் கதை சொல்லாதீர்கள். 2021க்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

டைன்_கரை | காலை 9.50

பத்தொன்பதாவது இடத்தில் இருந்தோம் தம்பி, ஒரு வெற்றிகூட இல்லாமல். பணம் வந்தது, நான் மறைக்கவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கே சங்கடம் உண்டு, எங்கள் ரசிகர்களும் இதில் இரண்டு பக்கமாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் பர்ன் 13 மில்லியன் பவுண்டுக்கு வந்தவர். உங்கள் நூன்யெஸுக்கு முதல் தவணையே 64 மில்லியன். நேற்று பணம்தான் ஆடியது என்றால் கோப்பை உங்களுக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்?

செங்காங்_செவப்பு | பகல் 12.36

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

டைன் அண்ணன் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. நல்ல அணி ஜெயித்தது, சரி. என் கோபம் நம் ஆட்களுக்குள். கடையில் நான் ஸ்லாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் "லீக் ஜெயிக்கப் போகிற மேனேஜரையே திட்டுகிறான், போலி ரசிகன், பிளாஸ்டிக் ஃபேன்" என்றார் ஒருவர். 2022 ஜூலையில் நம் அணி கிரிஸ்டல் பேலஸோடு ஆட நேஷனல் ஸ்டேடியத்துக்கு வந்தபோதுதான் அவர் ஜெர்சியே வாங்கினார், எனக்குத் தெரியும். யார் பிளாஸ்டிக்? ஜெயிக்கும்போது கொண்டாடு, தோற்கும்போது வாயை மூடு என்றால் அது ரசிகர் கூட்டமா, கம்பெனி ஆண்டுவிழாவா?

பீஷான்_பாய் | மதியம் 1.02

அவர் அப்படிச் சொன்னது தப்பு. அதை அங்கேயே அவரிடம் சொன்னேன், நீங்கள் அதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

ஆனால் என் கணக்கு வேறு. ஐந்து நாளில் இரண்டு கோப்பை போனது உண்மை. அதே அணி லீக்கில் 29 ஆட்டத்தில் 70 புள்ளி எடுத்ததும் உண்மை. 2020இல் பட்டம் வாங்கியபோது ஸ்டேடியத்தில் ஒரு ரசிகர் கிடையாது, நாமும் சர்க்கிட் பிரேக்கர் (கோவிட் ஊரடங்கு) முடிந்த கையோடு வீட்டுக்குள் உட்கார்ந்துதான் கைதட்டினோம். இந்தத் தடவை ஆட்கள் முன்னால் தூக்கப் போகிறார்கள். அதை விட்டுவிட்டு, இருக்கிற கோப்பைகளிலேயே சின்னதற்காக இவ்வளவு ரகளையா?

செங்காங்_செவப்பு | மதியம் 1.09

போன வருடம் இதையே ஜெயித்தபோது விடிய விடிய வீடியோ போட்டது நீங்கள். அப்போது சின்னதாகத் தெரியவில்லையே பாய்.

பீஷான்_பாய் | மதியம் 1.11

ஜெயித்தால் பெரிய கோப்பை, தோற்றால் சின்னக் கோப்பை. இதுகூடத் தெரியாமல் என்ன ரசிகர்?

டைன்_கரை | மதியம் 1.30

எங்களுக்கு எப்படியும் பெரிய கோப்பைதான். சாயங்காலம் கோப்பி என் செலவு. தோற்றவர்களுக்கு முன்னுரிமை.

யீஷூன்_மாலா | மதியம் 2.14

கோப்பி குடிக்க நானும் வருகிறேன். அதற்குள் ஒரு கேள்வி. நம் அடுத்த லீக் ஆட்டம் ஏப்ரல் 2, ஆன்ஃபீல்டில் எவர்டனோடு. நமக்கு மூன்றாம் தேதி விடிகாலை 3 மணி. பிப்ரவரியில் அவர்கள் மைதானத்தில் 98ஆவது நிமிடத்தில் டார்கோவ்ஸ்கி அடித்து 2-2 ஆக்கியது ஞாபகம் இருக்கிறதா? கார்னர் வந்தால் அவரை யார் பிடிப்பது? மெக் அலிஸ்டர் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

செங்காங்_செவப்பு | மதியம் 2.20

வான் டைக். வலயம் கிலயம் எல்லாம் வேண்டாம், ஆளைப் பிடி.

பீஷான்_பாய் | மதியம் 2.23

வான் டைக்கை அவரோடு அனுப்பிவிட்டால் கோல் வாசலில் யார் நிற்பது? நீங்களா?