மேலத்தெரு வீடு குடும்பக் குழு: ஊஞ்சல் கொக்கி

ராஜி அக்கா (காலை 6.42): கண்ணன் டெக்சாஸிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மீனாவின் கல்யாண ஊஞ்சலுக்காக அவன் வாங்கிய கொக்கியில் 22 என்று பொறித்திருக்கிறது. 22 கிலோ தாங்கும் கொக்கியை நம்பி மணமக்களை எப்படி உட்கார வைப்பது?

சித்தப்பா: என் மகள் 22 கிலோ இருந்தது இரண்டாம் வகுப்பில்.

கண்ணன்: அது கிலோ இல்லை, ராஜி அக்கா. பக்கத்திலேயே கே.என். என்று இருக்கிறது. சங்கிலியின் அட்டையில்தான் எடை போட்டிருக்கிறது, 650 பவுண்டு.

அத்தை: 650 பவுனா? எனக்கு 40 பவுன் போடுவதாகச் சபையில் சொல்லிவிட்டு 32 பவுனோடு அனுப்பிய வீட்டில், ஊஞ்சல் சங்கிலிக்கே இப்போது 650 பவுனா?

கண்ணன்: அம்மா, பவுண்டு வேறு, பவுன் வேறு.

பெரியப்பா (காலை 7.15): எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம், அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு சில நாடுகளும் 1959-இல் ஒத்துக்கொண்ட துல்லியமான அளவு அது. ஆகவே 650 பவுண்டு என்பது ஏறத்தாழ 295 கிலோ. நகைக்கடைப் பவுனோ 8 கிராம்தான். ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் தங்க நாணயம் 7.99 கிராம் இருந்தது, அந்தப் பெயரே நம் வாயில் பவுன் ஆயிற்று. எடைப் பவுண்டு ஒன்றில் 56 பவுனும் கொசுறும் அடங்கும்.

அத்தை: கொசுறு வரைக்கும் கணக்குத் தெரிந்த அண்ணாவுக்கு, குறைந்துபோன 8 பவுன் எத்தனை கிராம் என்று மட்டும் இத்தனை வருடமாகத் தெரியவில்லை.

மீனா: 64 கிராம், அத்தை.

சித்தப்பா: மீனா, நீ பேசாமல் இரு.

பெரியப்பா (காலை 7.31): அதை நேரில் பேசிக்கொள்ளலாம். கே.என். என்பது கிலோ நியூட்டன். கிலோ ஒரு பொருளின் நிறையைச் சொல்கிறது, நியூட்டன் விசையைச் சொல்கிறது. ஒரு கிலோவைக் கட்டித் தொங்கவிட்டால் அது கயிற்றை 9.80665 நியூட்டன் விசையோடு இழுப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ நியூட்டன், 102 கிலோ தொங்குவதற்குச் சமம்; அமெரிக்கக் கணக்கில் 225 பவுண்டு விசை. கண்ணனின் கொக்கியில் உள்ள 22 கிலோ நியூட்டன் ஏறத்தாழ 2,243 கிலோ. ஆனால் அந்த அளவில் கொக்கி முறியலாம் என்று பொருள், அதுவரை தொங்கவிடலாம் என்று பொருளல்ல. சங்கிலி அட்டையின் 650 பவுண்டோ, முறியும் எல்லையிலிருந்து பலமடங்கு குறைத்துத் தந்த வேலைச்சுமை. அலகை மாற்றிய பிறகும் இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

ராஜி அக்கா: அப்பா, கொக்கி தாங்குமா, தாங்காதா என்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லுங்கள்.

பெரியப்பா (காலை 7.58): ஒரே வரியில் சொன்னதன் விளைவை உன் கல்யாணத்தில் பார்த்தோம். மணமக்களும் பலகையும் சங்கிலியும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 1.77 கிலோ நியூட்டன். செங்குத்திலிருந்து 30 பாகை வரை ஆட்டினால், ஊஞ்சல் கீழே வரும் கணத்தில் இழுவிசை 1.27 மடங்காகி 2.24-ஐத் தொடும். இரண்டு கொக்கிகள் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 1.12. மனிதர் உட்காரும் இடத்தில் முறியும் எல்லையின் பத்தில் ஒரு பங்கைத்தான் நான் நம்புவேன், அதாவது 2.2. நேராகத் தொங்கினால் போதும். கண்ணா, அந்தக் கொக்கியில் வேறு எண்கள் உண்டா?

கண்ணன்: உண்டு, பெரிய மாமா. குறுக்குவாட்டில் 7 என்றும், வாய் திறந்திருந்தால் 8 என்றும் இருக்கிறது.

பெரியப்பா: அப்படியானால் கொக்கி திரும்பிக் குறுக்காக மாட்டிக்கொண்டால் 0.7-தான் நம்பலாம். அது 71 கிலோ, நமக்குப் போதாது.

சித்தப்பா: ராஜி கல்யாணத்தில் கழன்ற கொக்கியை நான் வாங்கினேன் என்பதை இருபது வருடமாகச் சொல்கிறீர்கள். அதன்மீது ஏழு குழந்தைகள் ஏறியதை யாரும் சொல்வதில்லை.

பாட்டி (மீனாவின் கைப்பேசியிலிருந்து): 180 கிலோ என்றால் எத்தனை வீசை?

பெரியப்பா: வீசைக்கு 1.4 கிலோ, அம்மா. 128 வீசைக்குச் சற்று மேல்.

பாட்டி: இப்போது புரிகிறது. அவ்வளவு பாரத்துக்குத் தேங்காய் உருட்டுகிற மாதிரி ஆட்டினால் போதும், 30 பாகை எதற்கு?

ராஜி அக்கா: பவுண்டும் நியூட்டனும் குழம்பினால் அப்படி என்ன ஆகிவிடும்?

பெரியப்பா: 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று தொலைந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் தந்த எண்ணை, அடுத்தது நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு.

அத்தை: கண்ணா, சங்கிலி போக உன் பெட்டியில் பாதாமுக்கு இடம் இருக்குமா?

கண்ணன்: பெட்டிக்கு 50 பவுண்டுதான் அனுமதி, அம்மா. சங்கிலி 18 பவுண்டு. மீதி 32 பவுண்டில், அதாவது பதினான்கரை கிலோவில்தான் உங்கள் எல்லோருடைய பட்டியலும் அடங்க வேண்டும். இன்னொன்று, அட்டையின் பின்புறத்தை இப்போதுதான் படித்தேன். மனிதர்களைத் தாங்க இந்தச் சங்கிலியைப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: அதை முதலில் படித்திருக்கலாம்.

சித்தப்பா: பரணில் இருக்கும் பித்தளைச் சங்கிலியையே மாட்டிவிடலாம். அம்மா கல்யாணத்திலிருந்து தாங்குகிறது.

பெரியப்பா: அதில் கிலோவும் இல்லை, பவுண்டும் இல்லை, எந்த எண்ணும் இல்லை. உத்திரத்து வளையத்திலும் இல்லை. வியாழக்கிழமை ஆசாரி வந்து இரண்டையும் பார்க்கட்டும்.

அத்தை: கண்ணா, சங்கிலி வேண்டாம் என்றால் 50 பவுண்டும் பாதாமாகவே கொண்டு வா.