குரோய்டன் பழைய விமானத்தள விடுதி: உங்கள் அனுபவங்கள்

மிச்சம் (தெற்கு லண்டன்) வாசி:
பேர்லி வே சாலையில், பழைய முனையக் கட்டடத்தை அடுத்து நிற்கும் ஏரோட்ரோம் ஹோட்டலைத் தெற்கு லண்டனில் வசிப்பவர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எங்கள் உறவுப் பெண்ணின் திருமண வரவேற்பு அங்கே நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு இரைச்சல் ஒத்துக்கொள்ளாததால், அவரை மேல்மாடிக்கு அழைத்துச் சென்றேன். அவர் இளம் வயதில் பலாலி விமான நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். 1928இல் திறக்கப்பட்ட விடுதி இது என்றும், பின்பக்கம் முழுவதும் அப்போது புல்வெளி விமானத்தளமாக இருந்தது என்றும், 1930 மே 5ஆம் நாள் பிரிட்டிஷ் பெண் விமானி ஏமி ஜான்சன் ஒரு சிலர் மட்டும் வழியனுப்ப இங்கிருந்துதான் தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார் என்றும், ஆகஸ்டில் அவர் திரும்பியபோது பெருங்கூட்டம் திரண்டது என்றும் சொன்னேன். விமானங்களைப் பார்ப்பதற்காக மக்கள் இந்த விடுதியின் மொட்டைமாடியில் நெருக்கியடித்து நிற்கும் பழைய படங்கள் உண்டு என்று நான் சொன்னதும், அவர் ஜன்னல் கட்டையில் கையை ஊன்றி மேலே அண்ணாந்து பார்த்து, "தம்பி, அங்க ஏறிப் பார்க்கேலாதோ?" என்று கேட்டார். கதவு பூட்டியிருப்பதாக ஊழியர் சொல்லிவிட்டார். சித்தப்பா ஊருக்குத் திரும்பிய பின்பும், தொலைபேசியில் பேசும் போதெல்லாம் அந்தக் கூரையைத்தான் விசாரிக்கிறார். உலகின் முதல் விமான நிலைய விடுதியின் கூரையை அவருக்குக் காட்ட முடியாமல் போனது இன்றும் என்னை உறுத்துகிறது.

டெட்ராய்ட் பொறியாளர்:
"உலகின் முதல்" என்பதை அவ்வளவு எளிதாக எழுதிவிட வேண்டாம். அந்தப் பெருமையை மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன் இன் விடுதிக்கு உரியதாகவே இங்கே பலரும் சொல்கிறார்கள். ஹென்றி ஃபோர்டு தம் விமான நிலையத்துக்கு எதிரே, கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கானைக் கொண்டு செங்கல்லால் எழுப்பி 1931இல் திறந்த விடுதி அது. நான் பணி நிமித்தமாக அங்கே தங்கிய முதல் நாள் விடியற்காலையில், சாலைக்கு அப்பாலிருந்து எழுந்த உறுமலைக் கேட்டு, பழைய ட்ரைமோட்டார் விமானம் ஒன்றைத்தான் யாரோ இயக்கிப் பார்க்கிறார்கள் என்று எண்ணித் திரையை விலக்கினேன். ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருந்தவை கார்கள். விடுதி திறந்து சில ஆண்டுகளுக்குள் விமானங்கள் நின்றுபோய், அந்த நிலம் ஃபோர்டு நிறுவனத்தின் கார் சோதனைத் தடமாக மாறிவிட்டது. விமானத்துக்கென்று கட்டிய விடுதி, விமானமே இல்லாமல் இத்தனை தலைமுறைகளாக விருந்தினரை வரவேற்று வந்திருக்கிறது என்பதை அந்த ஜன்னலில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

வாடன் ஆசிரியை:
பொறியாளர் அவர்களே, ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் விவாதத்துக்கு இடமே இல்லை. குரோய்டன் 1928, கலிபோர்னியாவின் ஓக்லண்ட் விமான நிலைய விடுதி 1929, உங்கள் டியர்போர்ன் 1931.

என் வகுப்புப் பிள்ளைகளைக் குரோய்டன் முனையக் கட்டடத்துக்கு அழைத்துச் சென்றபோது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் வானொலி அறையில் ஒரு சிறுமி காதொலிக் கருவியைப் போட்டுக்கொண்டு, யாரோ பதில் சொல்வார்கள் என்று வெகுநேரம் அசையாமல் காத்திருந்தாள். அவள் முகம் எனக்கு மறக்கவில்லை. ஆபத்தில் சிக்கிய விமானிகள் இன்றும் சொல்லும் "மேடே" என்ற அழைப்பை உருவாக்கியவர் குரோய்டனின் மூத்த வானொலி அதிகாரி ஃபிரெடரிக் மாக்ஃபோர்ட் என்பதை அவளுக்குச் சொன்னேன்.

மிச்சம் வாசி தம் சித்தப்பாவை மறுமுறை அழைத்து வரும்போது, விடுதியை விட்டுவிட்டு முனையக் கட்டடத்திலிருந்து தொடங்குவது நல்லது. மாதத்தின் முதல் ஞாயிறன்று தன்னார்வலர்கள் அருங்காட்சியகத்தைத் திறந்து வைப்பது வழக்கம், ஆனாலும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். வாடன் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரலாம், எனினும் முதியவர் என்றால் பேருந்தே மேல். வாசலில் தூண்கள்மேல் நிறுத்தியிருக்கும் ஹெரான் விமானத்தை முதலில் காட்டுங்கள். 1959 செப்டம்பர் 30ஆம் நாள் இங்கிருந்து ராட்டர்டாமுக்குப் புறப்பட்ட கடைசிப் பயணிகள் விமானத்தின் நினைவாக அதை அங்கே வைத்திருக்கிறார்கள். பயணச்சீட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும், அந்நாளில் பெட்டிகளோடு பயணிகளையும் எடை போட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள், ஏனெனில் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர் அதன் காரணத்தை உடனே புரிந்துகொள்வார். கோபுரப் படிகளில் அவசரப்படாமல் ஏறச் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலை மறக்க வேண்டாம்.

அஞ்சல்தலைச் சேகரிப்பாளர், சென்னை:
எது முதல் என்பதைவிட, அங்கே விடுதி எதற்குத் தேவைப்பட்டது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்காட்சி ஒன்றில், 1930களின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து மவுண்ட் ரோடு முகவரிக்கு வான்வழியே வந்த உறை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரம் சற்று ஈரம்பட்டு மை பரவியிருந்த அந்த உறையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. 1929 மார்ச் 30ஆம் நாள் பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸ் தொடங்கிய இந்தியச் சேவை, குரோய்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெல் வரை விமானத்திலும், அங்கிருந்து ஜெனோவா வரை ரயிலிலும், பிறகு கடல் விமானத்தில் அலெக்சாண்டிரியாவுக்கும், மீண்டும் தரை விமானத்தில் கராச்சிக்குமாக ஏழு நாள் நீண்டது. கட்டணம் 130 பவுண்டு. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு அஞ்சலை ஓட்டி வர, அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நம் ஊரும் அந்தச் சங்கிலியில் இணைந்தது.

இத்தனை கண்ணிகள் கொண்ட பயணத்தின் முதல் கண்ணி பனிமூட்டத்தில் சிக்கினால், பயணிகள் காத்திருக்க ஓர் இடம் வேண்டாமா? 1936 டிசம்பர் 9ஆம் நாள் மூடுபனியில் குரோய்டனிலிருந்து கிளம்பிய கேஎல்எம் விமானம் பேர்லியில் வீடுகள்மீது மோதி, மேலே சுழலும் இறக்கைகள் கொண்ட ஆட்டோஜைரோ என்ற பறக்கும் ஊர்தியை உருவாக்கிய ஹுவான் தெ லா சியர்வா உட்பட 15 பேர் இறந்தார்கள். விடுதியில் ஓரிரவு தங்குவது எவ்வளவு மலிவான காப்பு என்பதை அந்த விபத்தை நினைக்கும் போதெல்லாம் எண்ணுகிறேன்.

ரவுண்ட்ஷா குடியிருப்பாளர்:
பழைய விமானத்தளத்தின் மீது எழுந்த குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் தெருவுக்கு ஏமியின் கணவரும் விமானியுமான மாலிசனின் பெயர், அருகிலுள்ள பள்ளிக்கு ஏமியின் பெயர். வெற்றிப் பயணங்களை மட்டும் நினைவுகூர்கிறீர்களே என்பதால் இதை எழுதுகிறேன். 1940 ஆகஸ்ட் 15 மாலை ஜெர்மன் குண்டுகள் இந்தத் தளத்தின்மீதும் சுற்றியிருந்த தொழிற்சாலைகள்மீதும் விழுந்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் வேலையிலிருந்த சாதாரணத் தொழிலாளர்கள். போர்க்காலப் பதுங்கு இடங்களுக்குப் பழகிய எங்கள் அம்மாவிடம் பேர்லி வே நினைவுச் சின்னத்தருகே இதைச் சொன்னபோது, அவர் கேட்ட ஒரே கேள்வி, "சைரன் ஊதினதா?" என்பதுதான்.

டெட்ராய்ட் பொறியாளர்:
ஆசிரியை அவர்களின் ஆண்டு வரிசையை நான் மறுக்கவில்லை. ஆனால் குரோய்டன் விடுதிக்கு அருகே முனையமும் கோபுரமும் இன்னும் நிற்பதால், அங்கே ஒரு விமான நிலையம் இருந்ததைப் பார்ப்பவர் தாமே அறியலாம். டியர்போர்னில் அந்த விடுதியைத் தவிரச் சாட்சி சொல்ல அநேகமாக வேறு எதுவும் மிஞ்சவில்லை. அதற்காகவாவது அதன் பெயரை இங்கே பதிந்து வைக்க விரும்பினேன். மிச்சம் வாசி, அந்தக் கூரைப் படங்களை இங்கே பதிவேற்ற முடியுமா?