மாட்சா பிரௌனி பச்சையாக வரவில்லை, கை கொடுங்கள்

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். டிகிரி காபி ஊரில் உட்கார்ந்துகொண்டு மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியில் பிரௌனி சுடுகிறாளே என்று மாமியாருக்கு ஒரே சிரிப்பு.

இரண்டு முறை செய்துவிட்டேன். 8 அங்குலச் சதுரத் தட்டு, வெள்ளை சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 100, சர்க்கரை 120, மைதா 100, முட்டை 2, மாட்சா 2 மேசைக்கரண்டி. ஓடிஜியில் (கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பு) 180 டிகிரி. முதல் தடவை 30 நிமிடம் வைத்தேன். பேக்கிங் பவுடர் வேறு போட்டிருந்தேன், கேக் மாதிரி உப்பிப் பஞ்சாகிவிட்டது. அடுத்த தடவை பவுடரை விட்டுவிட்டு 24 நிமிடத்தில் எடுத்தேன். நடுப்பகுதி பிசுபிசுவென்று ஆசைப்பட்டபடியே வந்தது. ஆனால் நிறம்! மேலே காய்ந்த வாழைச் சருகு, வெட்டினால் உள்ளே குளத்துப் பாசி. சலிக்காமல் கொட்டியதால் அங்கங்கே பொடி கட்டிதட்டி, கடித்த இடமெல்லாம் வேப்பங்கொழுந்துக் கசப்பு.

பொடியிலும் சந்தேகம் இருக்கிறது. நிழலில் வளர்த்த இலையை அரைப்பதால்தான் மாட்சாவுக்கு அந்தப் பச்சை. வெளிச்சமும் சூடும் பட்டால் மங்கிவிடும். நானோ டப்பாவைத் திறந்து அடுப்பு மேடை அலமாரியிலேயே ஒரு மாதம் வைத்திருந்தேன். சரி, என் தப்புதான்.

செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்: 160 டிகிரியில் கூடுதல் நேரம் வைத்தால் பச்சை நிற்குமா? பாதியில் அலுமினியத் தாளால் மூடலாமா? அப்புறம், மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். முட்டைக்குப் பதில் தயிர் சேர்த்தால் அந்தப் பிசுபிசுப்பு கிடைக்குமா? அவருக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.